வளையம் எண் 417

"பேர் என்ன?" என்றார் முதல் நாள்.
அடைக்கலம் என்றேன்.
"குருவியா?" என்று சிரித்தார் டாக்டர் ஜைத்தூன் பீவி,
அருங்காட்சியக இயக்குநர், கூத்தாநல்லூர்க்காரர்.
நான் வடுவூர்.
ஏரிக்கு வரும் பறவைகள்மேல் கல்லெறிந்து வளர்ந்தவன்.
அதைச் சொல்லவில்லை.

கூத்தாநல்லூரில் வீட்டுக்கு ஒருவர்
அந்த மணலுக்குப் போயிருப்பார்கள்.
கடை, கணக்கு, கிரேன், சமையல்.
மணலைப் பார்க்கவே போனவர் இவர் ஒருத்தர்தான்.
பதினோரு வருடம் வண்டி ஓட்டினேன்,
டயரில் பாதிக் காற்றை இறக்கி, விடிவதற்குள்,
அவர் கை காட்டும் இடத்தில் என்ஜினை அணைத்து.

"தெரியுதா?"
ஒன்றும் தெரியாது.
"அந்தக் கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற கல்லைப் பாரு."
பார்ப்பேன். கல் கழுத்தை நீட்டும்.
ஹுபாரா.

கூண்டில் பொரித்து, புழு ஊட்டி, காலில் வளையம் மாட்டி
மார்ச்சில் திறந்துவிடுவோம்.
முதலில் ஓடத்தான் செய்யும்.
பறக்கத் தெரியும் என்பது
இருபதடி தாண்டித்தான் ஞாபகம் வரும்.
எண்ணை நான் வாசிப்பேன், அவர் எழுதுவார்.
நானூற்றுப் பதினேழு என் சுண்டுவிரலைக் கொத்தியது.
தழும்பு இல்லை. இருந்திருக்கலாம்.

டிசம்பரில் ஒரு பெரிய மனிதர் வந்தார்.
பின்னால் ஆள், ஆளின் கையில் வல்லூறு,
இன்னோர் ஆள், அவன் கையில் ஐஸ் பெட்டி.
"உங்கள் மியூசியத்துக்கு என் பரிசு."
டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
அன்றைக்கு நான் எண்ணை வாசிக்கவில்லை.

ஏலக்காய் போட்ட காபி கொடுத்தார். நன்றி சொன்னார்.
ஆறு வாரம் பாடம்செய்தார்கள், பஞ்சும் கம்பியுமாக.
கண்ணாடிக்குக் கீழே பித்தளைத் தகடு, இரண்டு மொழியில்:
ஹுபாரா, பெண். எண் 417.
பொரித்தது இங்கே. விடப்பட்டது இங்கே.
வழங்கியவர் பெயர், பட்டத்தோடு, பிழையில்லாமல்.
இறப்புக்குக் காரணம்: வழங்கியவர்.

நாலு ஸ்க்ரூ. முறுக்கியது நான்.

தகடு இரண்டு நாள் இருந்தது.
மூன்றாம் நாள் எங்கள் இருவருக்கும் விசா இல்லை.

திருச்சியில் கஸ்டம்ஸ்காரர்
"தங்கம் ஏதும் இருக்கா மேடம்?" என்றார்.
"ஒரு மோதிரம் இருக்கு."
கைப்பையிலிருந்து எடுத்து வைத்தது அலுமினிய வளையம்.
தராசில் போட்டார். ஒரு கிராம்கூடக் காட்டவில்லை.
"போங்க போங்க" என்றார்,
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல.

இப்போது நான் லோடு ஆட்டோ, நெல் மூட்டை.
ஐப்பசி முழுக்க விடாமல் பெய்து
வெண்ணாறு கரை தொட்டு ஓடிய வாரத்தில் போன் வந்தது.
"நோட்டெல்லாம் பூசணம் பிடிக்குது, அடைக்கலம்."
அலமாரியைத் திறந்தால் முப்பத்திரண்டு நோட்டு,
பச்சையும் கறுப்புமாகப் பூத்து.
சுவர் வேர்க்கிற வீட்டில் எங்கே உலர்த்த?
மழை விட்ட முதல் வெயிலில்
லெட்சுமாங்குடி ரைஸ்மில்லுக்கு ஏற்றிப்போனேன்.

களத்தில் அவித்த நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார்கள்.
நோட்டுகளை விரித்து நிறுத்தினோம், குடிசை குடிசையாக.
ஒவ்வொன்றின் தையலிலிருந்தும்
கொஞ்சம் மணல் கொட்டியது.
பதினோரு வருடத்து மணல். காய்ந்தே இருந்தது.

துடைப்பத்தோடு வந்தாள் களத்து வேம்பு.
"யாரும்மா இங்க மண்ணக் கொட்டுனது?
அரிசில கல்லு கெடந்தா
மொதலாளி என்னயத்தான் கேப்பாரு."
டாக்டர் முழங்காலிட்டு உட்கார்ந்து
ஒரு பருக்கை விடாமல் உள்ளங்கையால் கூட்டி
மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அள்ளினார்.
இன்னும் இருக்கிறதா என்று வேம்பு குனிந்து தேடினாள்.

அதற்குள் நெல்லுக்குக் குருவிகள் இறங்கிவிட்டன.
"வெரட்டுய்யா" என்றாள் வேம்பு.
கீழே ஒரு கல் கிடந்தது. பார்த்தேன்.
"எத்தனை?" என்றார் டாக்டர், திரும்பாமலே.
"பதினாலு. இல்ல, பதினஞ்சு."
அவர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி
ஈரம் படாத ஒரு பக்கத்தைத்
தேடிக்கொண்டிருந்தார்.